அலுமாரி மட்டும் மஞ்சள் இல்லை

சேசு மரி சூசை துணை

விளக்கமறியற்சாலை
10.06.2013

லாபிருக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க விரும்பினால் இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசி.

பெப்ரவரி 19ஆம் திகதி காலை ஏழு மணிக்கு நடந்ததை நாம் இருவரும் பொலிசில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறோம். என்னுடையது சரியானது. அந்தக் கிழமை என் வலை ஒன்று காணாமற் போயிருந்தது. அதில் நாற்பது மிதப்பு, நாற்பதும் மஞ்சள். நம் துறையில் ஆளுக்கொரு நிறம் என்பது உனக்குத் தெரியும். மிதப்பைப் பார்த்தே வலை யாருடையது என்று சொல்லிவிடுவோம். ஹுனைஸுக்குச் சிவப்பு, றொபிக்குப் பச்சை, உனக்கு வெள்ளை. இருபது வருடமாக மஞ்சள் என்றால் பஸ்தியான்.

அன்று நீ கரைக்கு வந்தபோது உன் படகில் மஞ்சள் மிதப்புகள் குவிந்து கிடந்தன. "டேய், அது என்ர வலையடா!" என்றேன். நீ படகின் விளிம்பில் வலக்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். கை அங்கே இல்லாதிருந்தால் கத்தி படகில்தான் பட்டிருக்கும். இதையும் பொலிசில் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 18 வழக்கு. அன்று நீ எழும்பி, "மிதப்புகள் பஸ்தியானுடையவை, களவெடுத்தது நான்" என்று சொன்னால் போதும். கோபத்துக்கு நியாயம் இருந்தது என்று நீதவான் பிணை தருவார் என்கிறார் லோயர்.

இங்கே கடிதங்களைப் பார்க்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் பத்து நாள் லீவில் போயிருக்கிறார். ஆகவே மனம் திறந்து எழுதுகிறேன்: நீ சொல்லாவிட்டால் அந்தக் கையில் மிச்சமிருக்கும் இரண்டு விரலையும் எடுப்பேன்.

உன் பெஞ்சாதி நஃபீஸாவை விசாரித்ததாகச் சொல்.

பஸ்தியான்
தலைவர், மீனவர் சங்கம் (தற்போது விடுமுறையில்)


786

பள்ளிவாசல்துறை
21.06.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

"அண்ணன்" என்று எழுதியது பழக்கம். வெட்டிவிட நினைத்தேன். இடக்கையால் அழுத்தி வெட்டினால் தாள் கிழிகிறது. அதனால் விட்டுவிட்டேன். எழுத்து சரிந்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

மூன்று விரல்களும் தண்ணீரில் விழுந்தன. ஹுனைஸ் இறங்கித் தேடினான். தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் மீன்கள் ஹுனைஸை முந்திவிட்டன. அந்தக் கிழமை துறையில் பட்ட மீனை எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. மற்ற வீடுகளில் சமைத்தார்கள். நல்ல ருசி என்று கேள்வி.

1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் துரத்தியவர்கள்கூட மூட்டை கட்ட அவகாசம் தந்தார்கள். நீங்கள் கையை எடுக்கக்கூட அவகாசம் தரவில்லை. சிரித்தேன் என்கிறீர்கள். ஓம், சிரித்தேன். காலையில் அடுத்த வீட்டுக்காரரைக் கண்டால் சிரிப்பது எங்கள் பழக்கம். இப்போது குறைத்துக்கொண்டேன்.

மிதப்புகள் என்னுடையவை. நாற்பது அல்ல, முப்பத்தாறு. வெள்ளையாக இருந்தவை எப்படி மஞ்சளாயின என்று பொலிஸ் கேட்டது, சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. அதன் பலனை அனுபவிக்கிறேன். துறையில் எனக்கு இப்போது "வலைக்கள்ளன்" என்று பெயர். பள்ளியில் எனக்குப் பக்கத்தில் தொழ நிற்பவர் தன் செருப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். மகள் ஸபீனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மிதப்பைப் பற்றி விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஆனாலும் நான் எடுக்காததை எடுத்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்ல மாட்டேன்.

லாபிர்


சேசு மரி சூசை துணை

விளக்கமறியற்சாலை
05.07.2013

லாபிருக்கு,

தமிழ் தெரிந்த அதிகாரி லீவு முடிந்து வந்துவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் யாரையும் வெட்டப் போவதில்லை.

என் மஞ்சளை நீங்கள் எல்லோரும் பைத்தியம் என்று கதைப்பது எனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டீர்களா? 1993இல் எங்கள் படகு கவிழ்ந்தது. நாங்கள் மூன்று பேர், மிதந்தது ஒரேயொரு மஞ்சள் எண்ணெய்க் கான். ஒரு கான் ஒருவரைத்தான் தாங்கும். மற்ற இருவரும் நல்லவர்கள், ஆனால் என் கால்கள் பலமானவை. இரண்டாம் நாள் என்னைக் கரையில் எடுத்தபோது கானை என் கையிலிருந்து பிரிக்க நான்கு பேர் தேவைப்பட்டார்களாம். அந்த வருடத் திருவிழாவில் தலவிலக் கோயில் அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டேன்: இனி எனக்குச் சொந்தமானதெல்லாம் மஞ்சள். "அன்னம்மாள் அப்படி ஒண்டும் கேக்கேல்லயே மகன்" என்றார் பங்குச் சுவாமி. சுவாமி கானில் மிதந்தவரல்ல.

சுவர், கூரைத் தகடு, வேலி, ஆறு கதிரை, ரேடியோ, கிணற்று வாளி, நாய்ச் சங்கிலி, தென்னைகளில் ஆள் உயரம் வரை. ஞாயிறுகளில் மஞ்சள் சோறு. கோழிகளை மட்டும் நான் தொடவில்லை, அவற்றின் கால்களை ஆண்டவரே கவனித்திருந்தார். பவுலினாவுக்கு இருபது வருடமாக மஞ்சளைத் தவிர வேறு நிறத்தில் துணி எடுத்ததில்லை. அவள் சந்தைக்குள் நின்றாலும் எங்கே நிற்கிறாள் என்று நான் தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன். மற்றப் புருஷன்மாருக்கு அந்த நிம்மதி கிடையாது.

போன வருடம் மகள் ஜெசிக்கா இத்தாலியிலிருந்து ஒரு நீலக் கட்டில் விரிப்பு அனுப்பினாள். பவுலினா அதை விரித்துவிட்டாள். அவளுடைய கை உடைந்தது. வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். இருவரும் ஒரே மாதிரிச் சொன்னோம். குடும்ப ஒற்றுமை என்பது அதுதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பெஞ்சாதியென்றும் பாராமல் நீதி செய்தவன் நான். உன்னிடம் மட்டும் அநியாயமாக நடந்திருப்பேனா? 18ஆம் திகதி உண்மையைச் சொல்.

பஸ்தியான்


786

பள்ளிவாசல்துறை
20.07.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

18ஆம் திகதி உங்களைக் கூண்டில் கண்டேன். மஞ்சள் சேட் உங்களுக்குப் பெரிதாகிவிட்டது. நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள், நான் உங்கள் கழுத்தைப் பார்த்தேன். நீதவான் மணிக்கூட்டைப் பார்த்து வழக்கைத் தள்ளி வைத்தார்.

நேற்று நடந்ததை எழுதவேண்டும். றொபி பத்தலங்குண்டுப் பக்கம் போனபோது பாறையில் சிக்கிக் கிடந்த ஒரு வலையைக் கண்டிருக்கிறான். நாற்பது மிதப்பு, நாற்பதும் மஞ்சள். ஐந்து மாதம் கடலில் கிடந்து பாசி பிடித்திருந்தும் உங்கள் நிறம் போகவில்லை. துறை வழக்கப்படி அதைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் போட்டான். ஊரே கூடிப் பார்த்தது. ஹுனைஸ் சத்தமாக எண்ணினான், பிறகு என் பக்கம் திரும்பி, "லாபிர் நானா, அப்ப ஒங்கட விரலை ஏன் வெட்டினது?" என்று கேட்டான். கேள்வியை அவன் தவறான ஆளிடம் கேட்டான். சரியான ஆள் அங்கே இல்லை.

பவுலினாக்கா வெளியே வந்து வலையைப் பார்த்தார். நடு வெயிலில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே உங்கள் வலையை நான் எடுக்கவில்லை. இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

லாபிர்


சேசு மரி சூசை துணை

விளக்கமறியற்சாலை
02.08.2013

லாபிருக்கு,

வலை கிடைத்தது மகிழ்ச்சி. விரல்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, கணக்குத் திருத்தம் என்று எடுத்துக்கொள்.

ஆனால் இங்கே எனக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. உன் மிதப்புகள் வெள்ளை. பெப்ரவரி 19 அன்று மஞ்சள். அது ஏதோ ஒரு மஞ்சள் அல்ல, என் மஞ்சள். நுரைச்சோலைப் பெயின்ற் கடைக்காரர் அதை எனக்காகவே கலக்கிறவர், அவருடைய கொப்பியில் அந்த நிறத்துக்குப் பெயரே "பஸ்தியான்". வேறு யாருக்கும் விற்கமாட்டார். என் வீட்டில் ஒரு அரை டின் மிச்சம் இருந்தது. பவுலினாவின் தாய் வீட்டு அலுமாரிக்கு வைத்திருந்தது. வீட்டில் இன்னும் மஞ்சளாகாமல் பலாப்பலகை நிறத்தில் நிற்பது அது ஒன்றுதான். அதற்கு முந்திய சனிக்கிழமை அடிப்பதாகச் சொல்லியிருந்தேன். வலை காணாமற் போன பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

அந்த டின் உன்னிடம் எப்படி வந்தது?

ஒரு பெயர் எழுது. எழுதினால் நான் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்வேன். நீ களவெடுக்கவில்லை என்று நீதிமன்றத்தில் என் வாயால் சொல்வேன். உன் மகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள். அந்தப் பெயருக்குரிய ஆளிடம் நான் மூன்று விரலுக்கும் ஆறு மாத மறியலுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்வேன். அது உனக்கு வேண்டாத விஷயம்.

பஸ்தியான்


பள்ளிவாசல்துறை
14.08.2013
(அனுப்பவில்லை)

பஸ்தியான் அண்ணனுக்கு,

பெயரை எழுதுகிறேன். பெப்ரவரி 15, வெள்ளிக்கிழமை, நீங்கள் கடலுக்குப் போயிருந்தபோது பவுலினாக்கா வேலியருகில் வந்தார். கையில் வாளி, அதற்குள் வாழையிலை, அதற்குக் கீழே டின்.

"நஃபீஸா, தங்கச்சி, இதக் கொண்டுபோய் எங்கயாவது ஊத்திப்போடு. நாளைக்கு அம்மாட அலுமாரிக்கு அடிக்கப்போறார். அது ஒண்டுதான் மிச்சம்."

நஃபீஸா வாங்கினாள். ஆனால் ஊற்றவில்லை. அவள் ஒரு உடுப்போடு மன்னாரைவிட்டு வந்தவள். சோற்றுக் கஞ்சியை ஊற்றுவதற்கே இரண்டு முறை யோசிப்பாள். அரை டின் பெயின்றை மண்ணில் ஊற்றுவது ஹராம் என்று சொல்லி, என் முப்பத்தாறு மிதப்புக்கும் அடித்துக் காயவைத்துவிட்டாள். திங்கட்கிழமை பார்த்துவிட்டு, "என்னடி இது, பஸ்தியான் அண்ணன்ட ஊட்டுக் கலியாணம் மாதிரி!" என்றேன். "வெள்ள கழண்டு போச்சுங்க. இது தூரத்துக்கே வெளங்கும்" என்றாள். வேறு வலை இல்லை, அன்று கடலுக்குப் போகவேண்டும். கரைக்கு வந்ததும் இந்தக் கூத்தை உங்களுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிப்பை முதலில் தொடங்கிவிட்டேன். கதையைத் தொடங்க நீங்கள் விடவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் என் பெயர் சுத்தமாகும், ஸபீனாவுக்கு மாப்பிள்ளை வருவான். பவுலினாக்கா உயிரோடு இருக்கமாட்டார். ஒரு விரிப்புக்கு ஒரு கை என்றால் அரை டின்னுக்கு என்ன என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும். அவரால் வேறெங்கும் போகவும் முடியாது. சிலாபத்திலிருந்து உங்கள் தம்பி அன்ரனிப்பிள்ளை கிழமைக்கு ஒரு தடவை வந்து வீட்டுச் சாமானையும் அவரையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். ஜெசிக்கா இத்தாலிக்கு அழைக்கப் பத்திரங்கள் போட்டிருக்கிறாள். விசா வர ஒரு மாதமாகலாம், நாலு மாதமாகலாம். பவுலினாக்காவின் பாஸ்போர்ட் எங்கள் அரிசி வாளிக்குள் இருக்கிறது.

நஃபீஸாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். ஸபீனா உள்ளே இருந்து, "வாப்பா, எனக்கு அவசரம் இல்ல" என்றாள்.

லாபிர்


786

பள்ளிவாசல்துறை
15.08.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

பெயர் கேட்டீர்கள். லாபிர். டின்னைக் களவெடுத்தது நான்தான். உங்கள் குசினிக்குப் பின்னால் வெளியே கிடந்தது. வேலிக்குள்ளால் கையை விட்டு எடுத்தேன். அப்போது எனக்கு ஐந்து விரல் இருந்தது, சிரமம் இருக்கவில்லை.

வலைக்கள்ளன் என்ற பெயர் போய்விட்டது, இனிப் பெயின்ற் கள்ளன். தரம் இறங்கினாலும் பரவாயில்லை. வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை.

லாபிர்


சேசு மரி சூசை துணை

விளக்கமறியற்சாலை
01.09.2013

லாபிருக்கு,

நீ ஒப்புக்கொண்டதை லோயரிடம் கொடுத்தேன். சந்தோஷப்பட்டார். நானும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் சோறு தின்னும்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சோற்றுத் தட்டு இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது.

டின் குசினிக்குப் பின்னால் இருக்கவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்தது. நானே ஏறி வைத்தேன். அலுமாரி படுக்கை அறையில் இருக்கிறது.

என் படுக்கை அறையில் நீ என்ன செய்தாய்?

இருபது வருடம் அடுத்த வீட்டில் இருந்தாய். உன்னை "நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டேன். நான் கடலுக்குப் போகிற நேரம் உனக்குத் தெரியும். மஞ்சள் உடுத்தவள் எங்கே நிற்கிறாள் என்று தூரத்திலிருந்து எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். உனக்கும் தெரிந்திருக்கிறது.

தமிழ் அதிகாரி இதை வாசித்துவிட்டு, "இத அனுப்பத்தான் வேணுமா ஐயா?" என்று கேட்டார். அவருக்கும் பெஞ்சாதி இருக்கிறாள். அனுப்பவேண்டும் என்றேன். விட்டுவிட்டார்.

என் மன்னாக் கத்தி பொலிசில் இருக்கிறது. பிடிக்கு நான் மஞ்சள் அடித்திருந்தேன். புதிதாக ஒன்று வாங்குவேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கத்தி போதும்.

பஸ்தியான்


786

பள்ளிவாசல்துறை
12.09.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

வெட்கத்தால் முழுவதையும் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். நீங்கள் இருவரும் ஞாயிறு பூசைக்குப் போயிருந்தபோது உங்கள் கூரைத் தகடு ஒன்றைக் கழற்றி இறங்கினேன். கூரையால் வருகிறவனுக்கு முதலில் எட்டுவது அலுமாரியின் மேற்பக்கம்தான். டின் அங்கே இருந்தது. எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். கால் தரையில் படவே இல்லை.

பவுலினாக்கா என்னிடம் இருபது வருடத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். ஒன்று, கடல் எப்படி. மற்றது, நஃபீஸா நிற்கிறாளா. மூன்றாவதாக ஒன்றும் இல்லை. குர்ஆன்மேல் சத்தியம் செய்வேன். கூரையைப் பற்றிச் சத்தியம் கேட்காதீர்கள்.

லாபிர்


சேசு மரி சூசை துணை

சிலாபம்
30.10.2013

லாபிருக்கு,

பிணை கிடைத்துவிட்டது. சிலாபத்தில் தம்பி அன்ரனிப்பிள்ளை வீட்டில் இருக்கவேண்டும், பள்ளிவாசல்துறைப் பக்கம் வரக்கூடாது, ஞாயிறு தோறும் காலையில் இங்கே பொலிசில் கையெழுத்து வைக்கவேண்டும். இவை நிபந்தனைகள். போனில் மிரட்ட வசதியில்லை. சத்தம் போட்டால் பிள்ளை எழும்பிவிடும் என்று தம்பியின் மனைவி சொல்கிறாள்.

அன்ரனிப்பிள்ளையை அங்கே அனுப்பி என் கூரையில் ஏற்றிப் பார்த்தேன். "அண்ணே, எல்லா ஆணியும் துரு. ஒரு ஆணியும் அசையேல்ல" என்றான். பூச்சுக்கூட வெடிக்கவில்லையாம். நல்ல பெயின்ற். உன் இரண்டாவது பொய்யும் அதோடு முடிந்தது.

உடனே வந்திருப்பேன். ஆனால் 2ஆம் திகதி கல்லறைத் திருவிழா. இங்கே சிலாபத்தில் இருக்கும் தாயாரின் கல்லறையைக் கழுவி மஞ்சள் அடிக்கவேண்டும். அது காய்ந்து இரண்டாம் பூச்சு அடிக்க அந்த ஞாயிறும் போய்விடும். ஆகவே 10ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் கையெழுத்து வைத்துவிட்டு பஸ் எடுத்தால் மதியத்துக்கு அங்கே நிற்பேன். முதலில் அவள், பிறகு நீ.

கதவைத் திறந்து வை. கூரையால் வருகிற பழக்கம் எனக்கு இல்லை.

பஸ்தியான்


786

பள்ளிவாசல்துறை
08.11.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

தபாலில் போட்டால் பிந்திவிடும் என்பதால் றொபியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் பொலிசில் கொடுத்தேன். அங்கேயும் தமிழ் வாசிக்கிறவர் ஒருவர்தானாம், மாற்றலாகிப் போய்விட்டார். மொழிபெயர்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

நான் உங்களுக்கு எழுதியதில் இரண்டு பொய். குசினி ஒன்று, கூரை ஒன்று. உண்மையை ஆகஸ்ட் 14ஆம் திகதியே எழுதி வைத்திருந்தேன். இத்துடன் வைக்கிறேன். வாசியுங்கள். இனி அதில் யாருக்கும் ஆபத்தில்லை. விசா 1ஆம் திகதி வந்தது. நேற்றுக் காலை பவுலினாக்கா விமானம் ஏறினார். இன்று ஜெசிக்கா போன் எடுத்தாள், "அம்மா வந்திட்டா மாமா" என்றாள், பிறகு அழுதாள்.

உங்கள் தாயாருக்கு நன்றி சொல்லவேண்டும். இரண்டாம் பூச்சு இல்லாவிட்டால் நீங்கள் 3ஆம் திகதி வந்திருப்பீர்கள்.

பவுலினாக்கா ஒரு கைப்பையோடு போனார். வீட்டிலிருந்து அவர் எடுப்பித்தது அலுமாரியை மட்டும்தான். ஹுனைஸும் றொபியும் இன்னும் இருவரும் வேலியைப் பிரித்துத் தூக்கிவந்தார்கள். இப்போது எங்கள் நடு அறையில் நிற்கிறது, பலாப்பலகை நிறத்தில். பூட்டியிருக்கிறது. திறப்பை அவர் கொண்டுபோய்விட்டார்.

இனி நீங்கள் நீதிமன்றத்தில் நான் கள்ளன் இல்லை என்று சொல்லலாம். பெயரை எழுதினால் சொல்வதாக நீங்கள்தான் எழுதினீர்கள். 10ஆம் திகதி வரவேண்டிய அவசியம் இல்லை.

லாபிர்


சேசு மரி சூசை துணை

விளக்கமறியற்சாலை
25.11.2013

லாபிருக்கு,

பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். அதே பாய்.

உன் கடைசிக் கடிதத்தை நான் நம்பவில்லை. இரண்டு பொய் எழுதியவன் மூன்றாவதாக எழுதியதை யார் நம்புவான்? இத்தாலியாவது விசாவாவது. ஒரு சொல்லைத்தான் நம்பினேன். "பூட்டியிருக்கிறது."

10ஆம் திகதி நான் வந்தபோது நீ என்னைப் பற்றிச் சொல்ல மறுபடி பொலிசுக்குப் போயிருந்தாயாம். நஃபீஸா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்க அவள்?" என்றேன். "இத்தாலிக்குப் போய்ட்டா அண்ணே, மிச்சம் தூரம்" என்றாள். உன் பெஞ்சாதியை நான் தொடவில்லை. அதைப் பொலிசில் நீ சொல்லவேண்டும். உள்ளே போனேன். அலுமாரி நின்றது. "பவுலினா, வெளியில வா!" என்றேன். பதில் இல்லை. அவள் எப்போதும் அப்படித்தான், கோபமாக இருக்கும்போது பதில் சொல்லமாட்டாள். அதனால் உள்ளேதான் இருக்கிறாள் என்று உறுதியாகிவிட்டது.

பூட்டில் இரண்டு வெட்டு, கதவில் மூன்று. பலாப்பலகை நல்ல பலகை. ஒரு பிளவு விழுந்தது. பிளவுக்குள்ளால் மஞ்சள் தெரிந்தது.

தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன் என்று உனக்கு எழுதியிருந்தேன். அன்று ஒரு முழத் தூரத்தில் நின்றேன். தோள் தெரிந்தது, கை தெரிந்தது, பாவாடை மடிப்புத் தெரிந்தது. வெட்டினேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடாததால் இன்னும் வெட்டினேன். ஹுனைஸும் மற்றவர்களும் வந்து என்னைப் பிடித்து இழுக்கும்போது கதவு திறந்து எல்லாம் என்மேல் சரிந்து விழுந்தது. இருபது வருடமாக நான் எடுத்துக்கொடுத்த உடுப்புகள். ஒன்றுகூட எடுத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் மடிக்காமல், ஆள் நிற்கிற மாதிரித் தொங்கவிட்டுப் போயிருக்கிறாள்.

இருபத்திரண்டு வெட்டு என்று பொலிஸ் எழுதியிருக்கிறது. எந்தச் சட்டப் பிரிவில் போடுவது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. உடுப்பை வெட்டியதற்குத் தனிப் பிரிவு இல்லையாம். ஒருவர் சிரித்தார். நான் சிரித்தவருடைய கையைப் பார்த்தேன். விலங்கு போட்டிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

நீதிமன்றத்தில் சொன்னேன், லாபிர். உன் மிதப்பு உன்னுடையது என்றும், டின் யார் தந்தது என்றும் சொன்னேன். கேட்டிருப்பாய்.

ஒன்று கேட்கவேண்டும். இங்கே கேட்க வேறு ஆள் இல்லை. அவளுடைய உடுப்பு முழுக்க ஊரில் கிடக்கிறது. அப்படியானால் அவள் அங்கே என்ன நிறம் உடுத்துகிறாள்?

பஸ்தியான்


786

பள்ளிவாசல்துறை
06.12.2013

பஸ்தியான் அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்டேன். துறையும் கேட்டது. பள்ளியில் செருப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸபீனாவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்று ஸபீனா சொல்லிவிட்டாள்.

நஃபீஸாவை நீங்கள் தொடவில்லை என்று பொலிசில் சொன்னேன். அது உண்மை. அன்றிலிருந்து அவள் மீன் கழுவும்போது வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை என்பதையும் சொன்னேன். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

அலுமாரியை வழக்குச் சாமான் என்று கொண்டுபோயிருக்கிறார்கள். மஞ்சள் பிடிபோட்ட உங்கள் பழைய கத்திக்கு முதலாம் இலக்கம், புதுக் கத்திக்கு இரண்டு, அலுமாரிக்கு மூன்று. வழக்கு முடியும்வரை அதற்கு யாரும் நிறம் அடிக்க முடியாது என்று எழுத்தர் உறுதியாகச் சொன்னார்.

என் மிதப்புகளைச் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டேன். இடக்கையால் சுரண்ட ஒன்பது நாள் பிடித்தது.

பவுலினாக்கா என்ன நிறம் உடுத்துகிறார் என்று கேட்டிருந்தீர்கள். போனில் கேட்டேன். சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிறத்தையும் சொன்னார்.

உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

லாபிர்